கைவேலைக்கு விலை என்ன?



ஆய கலைகள் அறுபத்து நான்கு என்பர் பெரியோர். அவற்றுள் தையற்கலையும் ஒன்று. துணியை வெட்டித் தைப்பது உடலை மூடுவதற்கு. அதன்மேல் நூலாலும் மணியாலும் சமிக்கியாலும் பூவேலை செய்வது உள்ளம் மகிழ்வதற்கு. அந்தப் பூவேலையைப் பற்றியே இவ்வாண்டு மலரில் எழுத விரும்புகிறேன். அதன் அழகைப் புகழ்ந்து எழுதப் பலர் இருக்கின்றனர். நான் எழுத வந்ததோ அதன் கூலியைப் பற்றி. என் கருத்து சிலருக்குக் கசக்கலாம், பொறுத்தருள வேண்டுகிறேன்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஜன்னலோரமாக ஒரு மரச்சட்டம் நிற்கிறது. நான்கு கால்கள், நான்கு பட்டைகள். அவற்றுக்கு இடையே முரசுத் தோல்போல் இழுத்துக் கட்டிய ரவிக்கைத் துணி. அதன்முன் குனிந்து அமர்ந்திருப்பவர் என் தாய். அவர் செய்வது ஆரி வேலை. கல்யாணப் பெண்கள் பட்டுப்புடவைக்கு மேல் அணியும் ரவிக்கையில் கழுத்தையும் கைகளையும் சுற்றி மின்னுகிறதே, அந்த வேலை. புடவை பெரும்பாலும் நம் மாவட்டத்து ஆரணியில் நெய்த பட்டாக இருக்கும். ரவிக்கையின் பூவேலையோ இப்படி யாராவது ஒரு தாயின் கூடத்தில் பிறந்ததாக இருக்கும்.

இவ்வேலை எவ்வாறு நடக்கிறது என்பதைப் பார்த்தறியாத தோழியருக்காகச் சற்றுச் சொல்கிறேன். முதலில் மெல்லிய தாளில் கோலத்தை வரைந்து, கோட்டின்மேல் ஊசியால் நெருக்கமாகத் துளையிடுவார்கள். தாளைத் துணிமேல் விரித்து, வெள்ளைப் பொடியை மண்ணெண்ணெயில் குழைத்துத் தேய்த்தால் துளை வழியே கோலம் துணியில் இறங்கிவிடும். ஆரி ஊசி சாதாரண ஊசி போன்றதன்று. அதற்குக் காது கிடையாது. நுனியில் நுண்ணிய கொக்கி இருக்கும். வலக்கை மேலிருந்து ஊசியை இறக்க, இடக்கை துணிக்கு அடியில் நூலைப் பிடித்துக் கொடுக்க, கொக்கி நூலை மேலே இழுத்து வரும். ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையம் நுழைந்து சங்கிலித் தையல் ஓடும். மணி வைக்கும்போது ஊசித் தண்டிலேயே சில மணிகளைக் கோர்த்துக்கொண்டு, ஒவ்வொரு தையலுக்கும் ஒன்றாகத் தள்ளிவிடுவார் அம்மா. வரிசை முடிந்ததும் முடிச்சுப் போட மறந்தால் போதும். நூலின் ஒரு நுனியை இழுத்தவுடன் அரைநாள் வேலை சரசரவென்று அவிழ்ந்து மணிகள் தரையில் உருளும். சிறு வயதில் என் விரல்கள் ஒருமுறை அந்தக் குறும்பைச் செய்துவிட்டன. அன்று அம்மா என்னை அடிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து மணிகளைப் பொறுக்கத் தொடங்கினார். அந்தக் காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

கல்யாணத்துக்கும் மாதக் கணக்கு உண்டு. ஆடியில் கூடம் ஓய்ந்திருக்கும். ஆவணி பிறந்தால் சட்டம் ஓயாது. மார்கழியில் மீண்டும் ஓய்வு. தையில் மீண்டும் ஓட்டம். சென்ற ஆவணியில் நான் ஒரு வேலை செய்தேன். நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து, ஒரே ஒரு ரவிக்கைக்கு அம்மா செலவிட்ட நேரத்தை நாள்தோறும் குறித்து வந்தேன். கணக்குப் பாடத்தில் நான் முதல் மாணவி அல்லள்; ஆயினும் இந்தக் கணக்கைத் தவறின்றிச் செய்தேன். துணி கட்டிக் கோலம் இறக்க 3 மணி நேரம். கழுத்துக் கரைக்கு 27 மணி நேரம். இரண்டு கைகளுக்கு 38 மணி நேரம். முதுகில் ஒரு மயிலுக்கு 12 மணி நேரம். முடிச்சுகளைச் சரிபார்த்துச் சட்டத்திலிருந்து இறக்க 2 மணி நேரம். ஆக மொத்தம் 82 மணி நேரம். கிடைத்த கூலி 2,400 ரூபாய். நூல், மணி, சமிக்கி வாங்கிய செலவு 350 ரூபாய். மீதி 2,050 ரூபாயை 82ஆல் வகுத்தால் மணிக்கு 25 ரூபாய்.

எட்டு மணி நேரம் குனிந்து உழைத்தால் 200 ரூபாய். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய் ஆகும். மண் வெட்டும் வேலையை நான் தாழ்த்திச் சொல்லவில்லை. இத்தனை நுண்மையான கலை, கண்பார்வையையே விலையாகக் கேட்கும் கலை, சட்டம் வகுத்த அந்தக் கூலியைக்கூட எட்டவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

வேலையைக் கொடுத்த கடையில் அந்த ரவிக்கைக்கு மணப்பெண் வீட்டார் 6,500 ரூபாய் கொடுத்ததாகப் பின்னர் அறிந்தோம். கடைக்காரருக்கு வாடகை உண்டு, மின் கட்டணம் உண்டு, துணி தைத்த தையற்காரருக்குக் கூலி உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் தாயின் கூலி மூன்று வாரம் கழித்து, இரண்டு தவணையாக வந்தது. நோட்டை அம்மாவிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார். “உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பார்கள் கண்ணு. இதையெல்லாம் எழுதி வைக்காதே” என்றார். அந்தப் பழமொழியை நான் அதற்கு முன்பும் கேட்டிருக்கிறேன். அது ஆறுதலுக்குச் சொன்ன சொல்லா, உழுதவன் கணக்கே பார்க்கக்கூடாது என்பதற்காகச் சொன்ன சொல்லா என்ற ஐயம் அன்றுதான் எனக்கு எழுந்தது.

சமிக்கிக்கு ஆங்கிலத்தில் ‘சீக்வின்’ என்று பெயர். அச்சொல்லின் பிறப்பு வியப்பானது. வெனிஸ் நகரத்துப் பொற்காசுக்குச் ‘செக்கினோ’ என்று பெயர். அது நாணயச் சாலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அச்சொல்லோ காசு அடிக்கும் அச்சைக் குறிக்கும் ‘சிக்கா’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. நம் முன்னோர் காலத்துச் ‘சிக்கா ரூபாய்’ என்பதிலும் இருப்பது அதே சொல்தான். பண்டைக் காலத்தில் செல்வர்கள் பொன் தகடுகளையே ஆடையில் தைத்துக்கொண்டனர். 1922ஆம் ஆண்டு எகிப்தில் கண்டுபிடிக்கப்பட்ட துத்தன்காமன் மன்னனின் கல்லறையிலும் பொன் சமிக்கி தைத்த ஆடைகள் இருந்தன. காலப்போக்கில் பொன் போய்ப் பித்தளை வந்தது. 1930களில் ஊன்பசையால் செய்த சமிக்கிகளும் வந்தன. அவை மழையில் நனைந்தால் கரைந்துபோகும். இன்று பிளாஸ்டிக்கில் வருகின்றன. ஆக, காசின் பெயரைக் கொண்டது சமிக்கி. அதைத் தைப்பவரின் கையில் மட்டும் காசு தங்கவில்லை.

மணிகளுக்கும் நமக்கும் உள்ள உறவு இன்னும் நெருங்கியது. புதுச்சேரிக்கு அருகே உள்ள அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ரோமாபுரியோடு வாணிபம் நடந்த துறை அது. அங்கே கண்ணாடியை உருக்கி, நீண்ட குழலாக இழுத்து, நறுக்கி, சின்னஞ்சிறு மணிகளாக்கினர் நம் கைவினைஞர். அத்தகைய மணிகள் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் பழைய ஊர்களிலும் கிடைக்கின்றன. இன்று சின்னக்கடைத் தெருவில் நாம் பொட்டலமாக வாங்கும் பாசிமணிக்கு இத்துணை நீண்ட வம்சாவளி இருக்கிறது!

ஆரி ஊசிக்கும் ஒரு பயணக் கதை உண்டு. குஜராத்தின் கச்சுப் பகுதியில் தோல் தைக்கும் மோச்சி சமூகத்தினரின் கருவியிலிருந்து வந்தது இது. செருப்புத் தைத்த கருவி பட்டில் ஏறிப் பூவரைந்தது. கீழ்நாடுகளிலிருந்து இம்முறை 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா சென்றது என்பர். பிரான்சு நாட்டின் லூனேவில் நகரில் 19ஆம் நூற்றாண்டில் கொக்கி ஊசியால் மணியும் சமிக்கியும் தைக்கும் தொழில் தழைத்தது. பாரிசில் பூவேலைக்குப் பெயர்பெற்ற லெசாஜ் குடும்பத்தைச் சேர்ந்த ஜான் பிரான்சுவா லெசாஜ் 1990களில் நம் சென்னைக்கே வந்து ‘வஸ்திரகலா’ என்னும் பூவேலைக் கூடத்தை அமைத்தார். 2023ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள் மும்பையின் ‘கேட்வே ஆஃப் இந்தியா’ முன்பு டியோர் என்னும் பிரெஞ்சு ஆடை நிறுவனம் நம் நாட்டுக் கைப்பூவேலையை உலகுக்குக் காட்டியது. உலகம் இக்கலையைத் தேடி நம் வாசலுக்கு வருகிறது. நாமோ இதைச் ‘சும்மா இருக்கும் நேரத்து வேலை’ என்கிறோம்.

இச்சொல்லை நான் கற்பனையாக எழுதவில்லை. நன்கு படித்த பெண்மணி ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். தம் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு ரவிக்கை வேலை வேண்டும் என்றார். அம்மா விலை சொன்னதும், “என்னம்மா இது, ஊசியும் நூலும்தானே! வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்வதற்கு இவ்வளவா?” என்று கேட்டார். அம்மா 400 ரூபாய் குறைத்துக்கொண்டார். அவர் சென்றபின் நான் கோபத்தில் பேசினேன். “விடு கண்ணு, பழகின முகம்” என்றார் அம்மா. அந்தப் பெண்மணி மருத்துவரிடம் சென்றால் பேரம் பேசுவாரா? பள்ளிக் கட்டணத்தில் பேரம் பேசுவாரா? பெண்ணின் கைவேலை என்றால் மட்டும் பேரம் பிறப்பது ஏன்?

பிறரைக் குறை சொல்லும் முன் என் குறையையும் சொல்லிவிட வேண்டும். பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையில் நரிக்குறவ சமூகத்துப் பெண்கள் பாசிமணி மாலைகளை விரித்து வைத்திருப்பதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கையில் என் அத்தையோடு கிரிவலம் சென்றபோது ஒரு மாலைக்கு 50 ரூபாய் கேட்டார் ஓர் அம்மா. நான் பேசிப் பேசி 30 ரூபாய்க்கு வாங்கினேன். அத்தை என் சாமர்த்தியத்தைப் புகழ்ந்தார். நானும் பெருமையாக நடந்தேன். அந்த மாலையைக் கோர்க்க எத்தனை நேரம் ஆனது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவருடைய மகளும் எங்கேனும் ஒரு நோட்டில் கணக்கு எழுதியிருந்தால், அதில் என் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கும்? என் தாயிடம் பேரம் பேசிய பெண்மணிக்கும் எனக்கும் வேறுபாடு 380 ரூபாய்தான்.

நம் மறைக்கல்வி வகுப்பில் ஒன்று படித்தோம். வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்கள் என்று திருச்சபை சிலவற்றைக் குறித்திருக்கிறது. கொலைக்கு அருகிலேயே அந்த வரிசையில் நிற்கிறது உழைப்பாளிக்கு நியாயமான கூலியைக் கொடாமை. பாடத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தபோது, அது எங்கோ பெரிய முதலாளிகளைப் பற்றியது என்று நினைத்தேன். 20 ரூபாய்க்கும் அது பொருந்தும் என்பதை இப்போது உணர்கிறேன்.

புனிதர் வரலாற்றிலும் இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. குழந்தை இயேசுவின் புனித தெரேசாளை நாம் அனைவரும் அறிவோம். அவருடைய தாய் செலி மார்ட்டின் அம்மையார் பிரான்சில் அலன்சோன் நகரில் ஊசிப் பின்னல் வேலை செய்தவர். 1853ஆம் ஆண்டு சொந்தமாகத் தொழில் தொடங்கினார். பெண்களுக்கு வேலை கொடுத்து, அவர்கள் வீட்டிலிருந்து செய்து தரும் துண்டுகளைத் தாமே இணைத்து விற்றார். தொழில் வளரவே, கடிகாரக் கடை வைத்திருந்த அவர் கணவர் லூயி அதை விட்டுவிட்டு மனைவியின் தொழிலுக்கு உதவ வந்தார். கணவனும் மனைவியுமாக இருவரையும் திருச்சபை 2015ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் புனிதராக உயர்த்தியது. அலன்சோன் பின்னற் கலையை யுனெஸ்கோ 2010ஆம் ஆண்டு மானுடத்தின் பண்பாட்டுச் செல்வமாக ஏற்றது. ஊசியும் கணக்குப் புத்தகமும் ஒரே கையில் இருந்ததால் அவருடைய புனிதம் குறையவில்லை என்பதைத் தோழியர் கவனிக்க வேண்டும்.

நம் தமிழ் மண்ணிலேயே ஊசி விடுதலை வாங்கித் தந்த வரலாறும் உண்டு. அன்றைய தென் திருவிதாங்கூரில், நாகர்கோவிலில், லண்டன் மிஷனைச் சேர்ந்த மால்ட் அம்மையார் 1820களில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திப் பின்னல் வேலை கற்பித்தார். அப்பெண்களுள் அடிமைகளாக இருந்தோரும் உண்டு. அவர்களுள் சிலர் பின்னல் விற்ற பணத்தைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை வாங்கினர் என்று மிஷன் வரலாறு கூறுகிறது. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். அதே பகுதியில், நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணிவதற்கே தடை இருந்தது. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 1859ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் அரசர் ஆணையால், அதுவும் சில கட்டுப்பாடுகளோடு, அவ்வுரிமை கிட்டியது. இன்று நாம் மணியும் சமிக்கியும் வைத்து அழகு பார்க்கும் ரவிக்கை, நம் பாட்டிமாருக்குப் பாட்டிமார் அடிபட்டுப் பெற்ற ஆடை! அதைத் தைத்த கைகளை நாம் எளிதாக நினைக்கலாமா?

1897ஆம் ஆண்டு பெல்ஜியம் நாட்டிலிருந்து அன்னை மரிய லூயிஸ் தெ மேஸ்டர், இன்றைய குமரி மாவட்டத்தில் உள்ள முளகுமூட்டுக்கு வந்தார். அநாதைக் குழந்தைகளைப் பேணியதோடு, பின்னல், பூவேலை ஆகியவற்றைக் கற்பித்துப் பெண்களைத் தம் காலில் நிற்கச் செய்தது அவர் தொடங்கிய சபை. கான்வென்ட் பள்ளி என்றாலே தையல் வகுப்பும் உண்டு என்னும் மரபு இத்தகைய அன்னையரால் வந்தது. அவர்கள் அதைப் பொழுதுபோக்காகக் கற்பிக்கவில்லை. பசித்த வயிற்றுக்குச் சோறாகக் கற்பித்தனர்.

நமக்கு வெகு அருகிலும் ஒரு நற்செயல் நடந்து வருகிறது. தர்மபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடையே சிட்டிலிங்கி என்னும் பள்ளத்தாக்கு உள்ளது. அங்கு வாழும் லம்பாடிப் பெண்களின் பூவேலை ஏறக்குறைய மறைந்துபோயிருந்தது. மூதாட்டியர் சிலருக்கு மட்டுமே தெரிந்திருந்தது. பழங்குடியினருக்கு மருத்துவமனை அமைத்த மருத்துவர் லலிதா ரெஜியின் ஊக்கத்தால் இளம்பெண்கள் அம்மூதாட்டியரிடம் அதை மீண்டும் கற்றனர். ‘பொற்கை’ என்று காதில் விழும் ‘போர்கை’ என்னும் பெயரில் தங்கள் சங்கத்தை அமைத்தனர். அவர்கள் மொழியில் அச்சொல்லுக்குப் பெருமை என்று பொருள். கற்றவர், செய்பவர், விற்பவர் எல்லாரும் ஒரே சங்கத்தில் இருப்பதால், வேலையின் பயன் செய்த கைக்கே திரும்புகிறது.

இனி, எதிர்க்கருத்துகளுக்கு வருகிறேன்.

‘இயந்திரம் வந்துவிட்டதே, கைவேலை இனி எதற்கு?’ என்பர் சிலர். கணினிப் பூவேலை இயந்திரம் பல மணி வேலையைச் சில நிமிடத்தில் முடிப்பது உண்மை. விலை குறைந்த ரவிக்கைக்கு அது ஏற்றதே. அதை வெறுக்க வேண்டியதில்லை. ஆனால் கை வைத்த மணியின் நெருக்கமும், துணிக்கேற்ப இழுவையைத் தளர்த்தும் விரலின் அறிவும் அதற்கு எளிதில் வாய்ப்பதில்லை. அதனால்தான் திருமணம் என்றால் இன்றும் கைவேலையைத் தேடி வருகின்றனர். தேடி வருபவர் இயந்திர விலையைக் கேட்பதுதான் நியாயமன்று.

‘பெண்களை வீட்டுக்குள் கட்டிப்போட்டதே ஊசியும் நூலும்தான், படிக்கும் பெண்ணுக்கு அது வேண்டாம்’ என்பர் வேறு சிலர். என் தாயும் இக்கட்சியே. “இந்தச் சட்டத்தைத் தொடாதே, புத்தகத்தைத் தொடு” என்பார். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்குகிறது. அவர் கவலை எனக்குப் புரிகிறது. ஆயினும் ஒன்று சொல்வேன். வடநாட்டில் லக்னோ, பரேலி போன்ற நகரங்களில் சர்தோசி என்னும் ஜரிகைப் பூவேலையைத் தலைமுறை தலைமுறையாகச் சட்டத்தின்முன் அமர்ந்து செய்து வந்தவர்களுள் ஆண்களே மிகுதி. நம் ஊர்த் தேர்களில் தொங்கும் தொம்பைகளையும் சீலைகளையும் ஒட்டுத்துணி வேலையால் அழகு செய்பவர்களிலும் ஆண்கள் உண்டு. எனவே ஊசி பெண்ணின் விலங்கு என்பது பொருந்தாது. கூலி இல்லாத வேலை எதுவானாலும் அதுவே விலங்கு. கூலியும் மதிப்பும் கிடைத்தால் அதே ஊசி ஒரு தொழிற்கருவி.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். 1903ஆம் ஆண்டு டெல்லி தர்பார் விழாவில் வைசிராய் கர்சன் பிரபுவின் மனைவி ஒரு மயிலுடை அணிந்தார். டெல்லிக் கைவினைஞர் பொன், வெள்ளி இழைகளாலும் வண்டின் சிறகோடுகளாலும் மயில்தோகையைத் துணியில் எழுப்பினர். பாரிசில் அது உடையாகத் தைக்கப்பட்டது. இன்றும் இங்கிலாந்தில் கெடில்ஸ்டன் மாளிகையில் அதைக் காக்கின்றனர். உலகம் அதைக் கர்சன் சீமாட்டியின் உடை என்றே அழைக்கிறது. அணிந்தவரின் பெயர் நின்றது. குனிந்து தைத்தவர்களின் பெயர் நிற்கவில்லை.

சட்டத்தின் துணையும் வேண்டும். 1972ஆம் ஆண்டு அகமதாபாத்தில் இலா பட் அம்மையார் ‘சேவா’ என்னும் சங்கத்தைத் தொடங்கி, வீட்டிலிருந்து தைப்போர் உள்ளிட்ட ஏழைப் பெண்களைத் தொழிலாளர் என்று உலகை ஒப்புக்கொள்ளச் செய்தார். 1996ஆம் ஆண்டு பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, வீட்டிலிருந்து வேலை செய்வோருக்காக 177ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. நம் நாடு அதை இன்னும் ஏற்கவில்லை. ஆயினும் தமிழ்நாட்டில் தையல் தொழிலாளர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. கைவினைஞருக்கு மத்திய அரசின் அடையாள அட்டையும் உண்டு. ‘நான் வீட்டில் சும்மா இருக்கிறேன்’ என்று சொல்லிப் பழகிய தாய்மார் இவற்றைக் கேட்பதே இல்லை. கேட்டுப் படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டியவர்கள் எழுதப் படிக்கத் தெரிந்த மகள்களாகிய நாமே.

ஆதலால் பணிவுடன் மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன்.

பெற்றோருக்கு: துணியின் விலையில், மணியின் விலையில் பேரம் பேசுங்கள். கைக்கூலியில் பேசாதீர்கள். பேசிய கூலியை வேலை முடிந்த அன்றே கொடுங்கள். உங்கள் மகளின் திருமண ரவிக்கையில் இன்னொருத்தியின் மகளுடைய தேர்வுக் கட்டணம் காத்திருக்கிறது.

பள்ளிக்கும் அன்புக்குரிய சிஸ்டர்களுக்கும்: தையல் வகுப்பைத் தேர்வு வந்தவுடன் முதலில் வெட்டப்படும் வகுப்பாக வைக்காதீர்கள். ஊசி பிடிக்கக் கற்பிக்கும்போதே, ஒரு பொருளுக்கு ஆன நேரத்தையும் செலவையும் எழுதி விலை கணக்கிடவும் கற்பியுங்கள். ஆண்டுவிழாக் கைவினைக் கண்காட்சியில் ஒவ்வொரு பொருளின் அருகிலும் ஓர் அட்டை வையுங்கள். செய்தவரின் பெயர், எத்தனை மணி நேரம், நியாயமான விலை என்ற மூன்றும் அதில் இருக்கட்டும்.

தோழியருக்கு: ஒரு நோட்டு வாங்குங்கள். உங்கள் தாய் தைத்தாலும், பூத் தொடுத்தாலும், இட்லி விற்றாலும், வயலுக்குச் சென்றாலும், ஒரே ஒரு வாரம் அவர் உழைக்கும் நேரத்தைக் குறித்துப் பாருங்கள். கணக்குப் பாடம் இத்தனை கனமானது என்பது அப்போது தெரியும்.

சென்ற கார்த்திகைக்கு முன், அம்மா என் நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கடிந்துகொள்வார் என்று அஞ்சினேன். மறுநாள் பழைய வாடிக்கையாளர் ஒருவர் வந்தபோது அம்மா அந்த நோட்டைத் திறந்து அவர்முன் வைத்து, “நாற்பது மணி நேரம் ஆகும் அக்கா, பாருங்கள்” என்றார். அந்த அம்மாள் சற்று நேரம் பார்த்துவிட்டு, வழக்கத்தைவிட 300 ரூபாய் கூட்டிக் கொடுத்தார். மூன்று நூறு ரூபாயில் உலகம் மாறிவிடாது என்பதை அறிவேன். ஆனால் அவ்வளவு காலமும் குனிந்தே விலை சொன்ன என் தாய், அன்று நிமிர்ந்து அமர்ந்து விலை சொன்னார்.

கிரிவலப் பாதையில் மாலை விற்ற அந்த அம்மாவை அதன்பின் ஒவ்வொரு பௌர்ணமியிலும் தேடுகிறேன். இன்னும் காணவில்லை. கண்டால் கொடுப்பதற்கு 20 ரூபாய் எடுத்து வைத்திருக்கிறேன். நீங்களும் யாருக்கேனும் அப்படி ஒரு கடன் வைத்திருந்தால், நினைவிருக்கும்போதே தீர்த்துவிடுங்கள்.

இதுவே என் தாழ்மையான கருத்து.

— பத்தாம் வகுப்பு மாணவி, ‘ஆ’ பிரிவு, திருவண்ணாமலை